அலைக்காக ஒரு குட்டித் தூக்கம்

எழுபதுகளின் கடைசியில் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தின் கணினிப் பிரிவில் இருந்தேன். மொத்தக் கூடத்துக்கும் ஒரே மெஷின். பீரோ உயரம் இருக்கும். ஆளுக்கொரு டெர்மினலில் உட்கார்ந்து அதைப் பங்கு போட்டுக்கொள்வோம். வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், ஸ்கீம் என்ற புது கணினி மொழியைப் பற்றிய அறிக்கையை அனுப்பியிருந்தான். வரியைத் தட்டினால் அப்போதே விடை சொல்லும் மொழி. ஆசை தாங்காமல் எங்கள் மெஷினுக்கு நானே ஒரு ஸ்கீம் எழுதிவிட்டேன்.

அதைத் தேடி வந்த முதல் ஆள், அலைகளை அளக்கும் பிரிவின் இன்ஜினியர். அந்த ஊர் மீனவர் வீட்டுப் பிள்ளை, என் வயதுதான். கடலில் நட்ட கம்பத்திலிருந்து அலையின் உயரம் ஒயர் வழியாக மெஷினுக்கு வரும். உயரத்தைப் படி, கொஞ்சம் தூங்கு, மறுபடி படி என்று ஸ்கீமில் எழுதிக் கொடுத்தேன். மெஷின் படித்ததைப் பேனா காகிதத்தில் வரைந்தது.

"இன்னா மேடம், அலை வரையச் சொன்னா ரம்பம் வரைஞ்சுகீது?" என்றார்.

என் ஸ்கீமுக்கு முழு வினாடிக் கணக்கில்தான் தூங்கத் தெரியும். அவருக்கோ வினாடிக்கு ஐந்து முறை படித்தாக வேண்டும்.

தூக்கத்துக்குப் பதிலாக, சும்மா எண்ணிக்கொண்டிருக்கும்படி மெஷினை விட்டேன். அது எண்ணுவதிலேயே மூழ்கிவிட, மற்ற டெர்மினல்கள் எல்லாம் நின்றுபோயின. மூத்த இயற்பியலாளர் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "யாரும்மா மிஷினைப் புடிச்சி வெச்சினு கீறது?"

எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன்.

மெஷினை ஆளும் ஆபரேட்டிங் சிஸ்டத்திடமே, "இத்தனை துடிப்புக்குப் பிறகு என்னை எழுப்பு, அதுவரை மற்றவர்களைப் பார்" என்று சொல்வதுதான் சரியான வழி. அதன் கடிகாரம் வினாடிக்கு ஐம்பது முறை துடிக்கும். பத்துத் துடிப்பு போதும். ஸ்கீமிலிருந்து சிஸ்டத்தைக் கூப்பிட, அதாவது சிஸ்டம் கால் போட, ஒரு வழி செய்கிறேன் என்று இன்ஜினியரிடம் சொன்னேன்.

"சிஸ்டத்துக்குக் காலு வேற கீதா?"

சிரித்ததில் இரண்டு வரி தப்பாகத் தட்டிவிட்டேன்.

வழி செய்தும் பேனா பாதி வேகத்தில்தான் நகர்ந்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு தூங்கியது மெஷின். மதியச் சாப்பாட்டின்போது, தயிர்சாதத்தில் கை வைத்தபடியே பிடிபட்டது. என் ஸ்கீமில் ஒவ்வொரு எண்ணின் வாலிலும், "நான் எண்" என்று சொல்ல ஓர் ஒன்றை ஒட்டியிருந்தேன். மெஷினின் இரும எண்களில் வாலில் ஒன்றை ஒட்டினால் எண் இரட்டித்து ஒன்று கூடும்; பத்து என்பது சிஸ்டத்துக்கு இருபத்தொன்றாகத் தெரிந்திருக்கிறது. கையைக் கழுவிவிட்டு ஓடினேன். வாலை நறுக்கிவிட்டுக் கொடுத்தேன்.

பேனா வளைந்தது. மெல்ல ஏறி, உச்சியில் கொஞ்சம் தயங்கி, சரிந்து இறங்கியது. பக்கத்து டெர்மினல்களும் ஓடிக்கொண்டிருந்தன.

"ஐயோ மேடம், இது எங்க கடலு!" என்று கத்தினார் இன்ஜினியர். சத்தம் கேட்டு இயற்பியலாளரும் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "நம்ம ரூம்ல ஒட்ட எனக்கொண்ணு குடும்மா" என்றார்.

சாயங்காலம் எல்லாரும் கடற்கரைக்குப் போனோம். அலை வந்து என் சேலையை முழங்கால் வரை நனைத்தது. செங்கல்பட்டு பஸ்ஸில் ஈரத்தோடு உட்கார்ந்து, காரணம் கேட்ட கண்டக்டரிடம் சிரித்துக்கொண்டே டிக்கெட் வாங்கினேன்.