கீழ என்றால் எந்தக் கீழ?

அருள்மொழியின் அப்பா கலியமூர்த்திக்கு முதல் கோபமே 'சாண்ட்விச்' என்கிற பேர் மேல்தான். 2004-இல் அவளும் நானும் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ சேர்ந்தோம். அதற்குப் பேர் சாண்ட்விச் கோர்ஸ். கொஞ்ச காலம் வகுப்பு, நடுவில் ஒரு செமஸ்டர் முழுக்க கம்பெனியில் வேலை, திரும்பவும் வகுப்பு, கடைசியில் இன்னொரு தடவை வேலை. கலியமூர்த்தி மாமாவுக்குச் சிதம்பரம் கீழவீதியில் பழக்கடை. "பொண்ணு என்னா படிக்குது?" என்று கேட்டவர்களிடமெல்லாம் பெருமையாக "சாண்ட்விச்" என்று சொல்லியிருக்கிறார். "அப்ப பேக்கரி வைக்கப் போவுதா?" என்று ஒருத்தர் கேட்டுவிட்டார். அன்றைக்கு வீட்டில் வந்து ஒரு குதி குதித்தார் பாருங்கள்!

"வேலைக்குப் போற ஆறு மாசமும் கம்பெனியில சம்பளம் குடுப்பாங்கப்பா" என்று இவள் சமாதானம் சொன்னாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. "படிக்கிற பொண்ணுக்கு எவன் சம்பளம் குடுப்பான்? எவன் குடுப்பான்னு கேக்கறன்! உன்னை ஏமாத்திக் கல்லு தூக்க வைக்கப் போறானுவ" என்றார்.

என் பேர் மாலதி, ஊர் குறிஞ்சிப்பாடி. எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும், நானும் மறுப்பதில்லை. அருள்மொழி அப்படியே நேர்மாறு. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவாள். ஆனால் சுவரைப் பார்த்தால் கண் மின்னும். பஸ்ஸில் போகும்போதுகூட ஜன்னல் வழியாக எந்த வீட்டு சன்ஷேட் கோணலாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வருவாள். இப்படி ஒரு பைத்தியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதல் வேலைக் காலம் வந்தபோது மாமா ஒரு நிபந்தனை போட்டார். பண்ருட்டியில் அவருடைய தங்கை, பலா மண்டிக்காரி, தன் பையனுக்கு அருள்மொழியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பையன் நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. "போயிட்டு வா. ஆனா ஒரு குறை, ஒரே ஒரு குறை என் காதுக்கு வந்துச்சோ, வைகாசியில கல்யாணம். படிப்பு அதோட சரி" என்று சொல்லிவிட்டார். கம்பெனியிலிருந்து திருப்பி அனுப்பினாலும் அந்த செமஸ்டர் போச்சு. இரண்டு பக்கமும் கத்தி. அவள் பயந்துகொண்டேதான் வேலைக்கு வந்தாள், எனக்குத் தெரியும்.

எங்களுக்குக் கிடைத்த இடம் கடலூர்க் கடற்கரையில் தேவனாம்பட்டினம். சுனாமியில் வீடு போனவர்களுக்கு ஒரு டிரஸ்ட் வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனியின் இன்ஜினியர் மணவாளன், மெட்ராஸ்காரர். வாரத்துக்கு ஒரு தடவை வருவார், மற்ற நாளெல்லாம் போனிலேயே குடும்பம் நடத்துவார். மேஸ்திரி சிங்காரம் உள்ளூர் ஆள். முதலில் மாதிரிக்கு ஒரு வீடு, அதைப் பார்த்து மற்ற வீடுகள் என்று ஏற்பாடு. அந்த முதல் வீடு மீன் விற்கும் தங்கம்மாளுக்கு ஒதுக்கியது. தங்கம்மாள் தினமும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சுவர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

நாங்கள் இரண்டு பேரும் டேப் பிடித்தோம், சிமெண்ட் மூட்டைக்குக் கணக்கு வைத்தோம், கட்டின சுவருக்குத் தண்ணீர் விட்டார்களா என்று பார்த்தோம். வகுப்பில் மூன்று செமஸ்டர் படித்தும் புரியாத பல விஷயம் அங்கே ஈரச் சுவரில் கை வைத்ததும் புரிந்தது. முதல் சம்பளம் கையில் வந்த அன்றைக்கு அருள்மொழி அழுதே விட்டாள். ஹாஸ்டல் பாக்கியை அவளே கட்டினாள், அப்பாவிடம் கேட்கவில்லை. சந்தோஷத்தில் எனக்கும் கண் கலங்கியது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்புறம்தான் அந்தப் போன் வந்தது.

மணவாளன் சார் மெட்ராஸிலிருந்து பேசினார். வண்டி இரைச்சல். "அருள்மொழி, அந்த ஹால் ஜன்னல் இருக்கே, அது கீழ வரணும். இன்னிக்கே மேஸ்திரிகிட்ட சொல்லிடு" என்றார். அவள் "சரி சார்" என்றாள். பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் சந்தேகமே வரவில்லை. ப்ளானில் ஹால் ஜன்னல் வடக்குச் சுவரில் இருந்தது. சார் அதைக் கீழப் பக்கம், அதாவது கிழக்கே, கடலைப் பார்த்து வைக்கச் சொல்கிறார். வேறென்ன?

"அண்ணே, ஹால் ஜன்னல் கீழப் பக்கம் வரணுமாம்" என்றாள் அருள்மொழி.

"கடலைப் பாத்தா? வச்சிருவோம். காத்து பிச்சிக்கிட்டுப் போவும்" என்றார் சிங்காரம். வடக்குச் சுவரை ஜன்னல் இல்லாமல் மொழுக்கென்று ஏற்றி, கிழக்குச் சுவரில் ஜன்னலுக்கு இடம் விட்டார். வேலை வெகு சுத்தம்.

அந்த வாரம் மணவாளன் சார் வந்து இறங்கினார். வீட்டைச் சுற்றி வந்தார். வடக்கே நின்றார், கிழக்கே நின்றார், திரும்ப வடக்கே வந்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஜன்னல் எங்க? யாரைக் கேட்டு இதைப் பண்ணீங்க?"

சிங்காரம் எங்கள் பக்கம் திரும்பினார். 'மேஸ்திரி தப்பாப் புரிஞ்சிக்கிட்டார்னு சொல்லிடுடி' என்று நான் அருள்மொழியின் விலாவில் இடித்தேன். இன்றைக்கும் அப்படித்தான் இடிப்பேன், என் தோழிதான் எனக்கு முக்கியம். அவள் என் கையைத் தட்டிவிட்டு முன்னால் போனாள்.

"நான்தான் சார் சொன்னேன். அண்ணன் மேல தப்பு இல்ல."

"ட்ரெயினிங் வந்த பொண்ணு நீ! ஜன்னலைத் தரைப் பக்கம் இறக்கச் சொன்னா செவுத்தையே மாத்துவியா? நாளைக்கு நீ வரவே வேணாம், உங்க காலேஜுக்கு நான் பேசிக்கறேன்" என்று சார் கத்தினார். அத்தனை ஆளும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

போதாத காலம் என்பார்களே, அது இதுதான். மணல் லாரிக்குப் பின்னாலிருந்து கையில் கொய்யாப்பழப் பையோடு கலியமூர்த்தி மாமா வந்தார். 'உம் பொண்ணு தலையில துண்டு கட்டிக்கிட்டுச் சித்தாள் வேலை பாக்குது' என்று யாரோ அவரிடம் ஓதியிருக்கிறார்கள். கண்ணால் பார்க்க வந்தவருக்கு முழு நாடகமும் காதில் விழுந்துவிட்டது.

"கெளம்பு" என்றார் மகளிடம். "இதுக்காடி உன்னைப் படிக்க வச்சேன்? நடுத்தெருவுல நிக்க வச்சித் திட்டு வாங்கவா? கெளம்புடி!"

"அப்பா, தப்பு என்னுது. சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் வருவேன்" என்றாள் அருள்மொழி. கால் நகரவில்லை. பிறகு சாரைப் பார்த்து, "சார், நீங்க போன்ல கீழன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா, கீழன்னேன். கீழன்னா கீழதானே? கிழக்குன்னு யாராவது எடுத்துப்பாங்களா? கொஞ்சமாவது புத்தி வேணாம்?"

மகளை இழுக்க நீட்டிய மாமாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மெதுவாகச் சார் பக்கம் திரும்பினார்.

"என்னா சார் சொன்ன? கீழன்னா கிழக்கு இல்லையா?"

"ஐயா, நீங்க யாரு, நடுவுல..."

"நான் இவ அப்பன். சிதம்பரம் கீழவீதியில கடை வச்சிருக்கன். எங்க கீழவீதி என்ன பள்ளத்துலயா கெடக்குது? மேலவீதி மாடி மேலயா இருக்குது? எம் பொண்ணுக்குப் புத்தி இல்லையாம்! சரியாத்தான் கேட்டுருக்கா, சரியாத்தான் சொல்லியிருக்கா. நீ மெட்ராஸ்ல இருந்துக்கிட்டு தரைப் பக்கம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னாய்யா?"

முதலில் சிரித்தது சிங்காரம்தான். "சாமி, எனக்கும் கீழன்னா கடலுதான்" என்றார். பிறகு கலவை போடுகிறவர்கள், அப்புறம் நான். மணவாளன் சாரும் எவ்வளவு நேரம்தான் முறைப்பார்? இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரும் சிரித்துவிட்டார். "தப்பு பாதி என்னோடதுதான்யா. சரி, அந்த ஓட்டையை அடைங்க" என்றார்.

"அடைக்காதீங்க!" என்று ஒரு குரல். தங்கம்மாள், தலையில் கூடையோடு. "எங்க வூட்டுக்காரரு படகு வர்றத அடுப்படியில இருந்தே பாத்துக்குவன். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பக்கத்து மனைக்காரி தைலம்மாள் உடனே, "ஐயோ, எனக்கு வேணாம்மா. அந்தக் கடலைப் பாத்துக்கிட்டு என்னால ஒரு வாய் சோறு திங்க முடியாது" என்றாள். சுனாமியில் தம்பியைப் பறிகொடுத்தவள் அவள்.

அருள்மொழி சாரிடம் போனாள். "சார், ஒவ்வொரு வீட்லயும் கேட்டுட்டு வைக்கலாமா? ஜன்னல் ஒண்ணுதானே, எந்தச் செவுத்துல வச்சாலும் செலவு அதேதான். உயரத்தை மட்டும் நீங்க சொன்ன மாதிரி இறக்கிடலாம்." இந்த மக்கள் கடலைப் பார்க்கவே பயப்படுவார்கள் என்று மெட்ராஸ் ஆபீசில் யாரோ முடிவு பண்ணித்தான் கிழக்கே ஜன்னல் இல்லாமல் ப்ளான் போட்டிருந்தார்கள். வந்து கேட்டவர் ஒருத்தரும் இல்லை. சார் தன் நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "நீயே கேட்டு எழுதிட்டு வா. நாளைக்குக் காலையில சீக்கிரம் வந்துடு" என்றார்.

மாமா கொய்யாப்பழத்தை எல்லாருக்கும் பங்கு வைத்தார், சாருக்குப் பெரியதாக ஒன்று. மகளைக் கூப்பிடாமல் தனியாகவே பஸ் ஏறினார். ஏறும்போது, "வெயில்ல நிக்காத, துண்டை நல்லாக் கட்டிக்க" என்று மட்டும் சொன்னார். பண்ருட்டிக்குப் போன் போட்டு, "பொண்ணுக்கு வேலை ஜாஸ்தி, இப்பக் கல்யாணப் பேச்சு எடுக்காத" என்று தங்கையிடம் சொன்னதை மங்கலம் அத்தை, அருள்மொழியின் அம்மா, பிற்பாடு சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

இரண்டாவது வேலைக் காலத்துக்கு அதே கம்பெனி அவள் பேரைச் சொல்லியே கேட்டு வாங்கியது. படிப்பு முடித்த கையோடு அங்கேயே வேலை. நான் ஒரு வருஷம் இண்டர்வியூ இண்டர்வியூவாக அலைவேன் என்று நினைத்திருந்தேன். "அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள், "உண்டு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கடலூரில் எனக்கும் உடனே கிடைத்தது. அப்புறம் அருள்மொழி தனியாகச் சின்னச் சின்ன காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தாள். யார் போனில் 'கீழ' என்று சொன்னாலும், "கிழக்கா, தரைப் பக்கமா?" என்று கேட்காமல் விடமாட்டாள். அவள் பட்டப்பேரே 'எந்தக் கீழ' என்றாகிவிட்டது.

2011 முடிகிற நேரத்தில் 'தானே' புயல் வந்து எங்கள் மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. போன் வேலை செய்ய ஆரம்பித்ததும் அப்பாவிடமிருந்து அவளுக்கு அழைப்பு. நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மாடி, நாங்க நல்லாருக்கோம். கடைதான் கீழ போயிடுச்சு."

"எந்தக் கீழப்பா?"

"ரெண்டு கீழயும்தான்! கெழக்கால சாஞ்சி, தரையில வுழுந்து கெடக்குது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "நீ வந்து கட்டிக் குடும்மா. வேற ஆளை நான் நம்ப மாட்டன்."

அருள்மொழி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கட்டித் தர்றேன்பா. ஆனா நம்ம காலேஜ்லேருந்து சாண்ட்விச் பொண்ணுங்க ரெண்டு பேர் ட்ரெயினிங் வருவாங்க. அதுங்களுக்கு மாசா மாசம் சம்பளம் குடுக்கணும்" என்றாள்.

"படிக்கிற பொண்ணுங்களுக்கு எவன்டி சம்பளம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"நீதாம்ப்பா" என்றாள் அருள்மொழி.