சினிமாவில் மட்டும் கவிழும் வண்டி

ஆரஞ்சக்காவின் தள்ளுவண்டி எத்தனை படங்களில் கவிழ்ந்திருக்கிறது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கதாநாயகன் துரத்தும்போது கவிழ்ந்திருக்கிறது. கதாநாயகனைத் துரத்தும்போதும் கவிழ்ந்திருக்கிறது. போலீஸ் ஜீப் முட்டிக் கவிழ்ந்திருக்கிறது. ஒரு படத்தில் மாடியிலிருந்து குதித்த ஒருத்தன் குறி பார்த்தது போல அதன் மேலேயே வந்து விழுந்தான். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அவள் வியாபாரத்துக்கு வந்த நாள் முதல் இன்று வரை, கேமரா இல்லாத நேரத்தில் அந்த வண்டி ஒரு தடவைகூடக் கவிழ்ந்ததில்லை. அதுவும் எப்பேர்ப்பட்ட தெருவில்! பாதி ஏறியதும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்க வேண்டிய செங்குத்தான தெரு அது. சக்கரத்துக்கு அடியில் கல்லை அணைகொடுத்துவிட்டு அவள் பாட்டுக்குத் தராசைத் தூக்குவாள். வண்டி அசையாது.

அந்தத் தெரு மேல் படக்காரர்களுக்கு அப்படி ஒரு ஆசை. எந்தப் படமானாலும் முதலில் நகரத்து உயரக் கட்டடங்களை வானத்திலிருந்து காட்டுவார்கள். அடுத்த நொடி தொப்பென்று இந்தத் தெருவில் வந்து இறங்குவார்கள். இறங்கினால் இங்கே எந்நேரமும் மழை. எல்லாரும் தலைதெறிக்க ஓடுவார்கள். எவனாவது ஓடாமல் நின்றால் அவன் சாகப்போகிறான் என்று அர்த்தம். அக்காவுக்கு அதில்தான் பற்றிக்கொண்டு வரும்.

"ஏம்ப்பா, இத்தனை படம் எடுத்தீங்களே, ஒருத்தராவது எங்கிட்ட வந்து பழம் என்ன விலைன்னு கேட்டிருக்காங்களா? ஒருத்தராவது அமுக்கிப் பார்த்துட்டு, புளிக்குமான்னு கேட்டிருக்காங்களா? எங்க ஊர்ல மனுஷங்க பழமே திங்க மாட்டாங்களா?"

அவர்கள் சிரிப்பார்கள். அடுத்த படத்திலும் கவிழ்ப்பார்கள்.

பிறகு எதற்காம் வண்டியைக் கொடுக்கிறாள்? கேட்காத ஆள் இல்லை. "எப்படியும் யார் வண்டியையாவது தள்ளத்தான் போறாங்க. விவரம் தெரியாதவன் வண்டியைத் தள்ளி, அச்சு முறிஞ்சு, அவன் பொழைப்புல மண்ணு விழணுமா? எனக்கு விழத் தெரியும், நான் விழறேன்" என்பாள். அது உண்மைதான். அடியில் பழைய சாக்குகளை அடைத்து, மேலே மட்டும் ஒரு வரிசை ஆரஞ்சை அடுக்கி, சாய வேண்டிய பக்கத்துக் கல்லை இத்தனூண்டு நகர்த்தி வைப்பாள். சுண்டு விரலால் தொட்டாலும் வண்டி சாயும். ஒரு ஆணிகூடக் கழலாது. ஒரு தடவை தரையில் விழுந்த பழத்தை வாடிக்கையாளருக்கு விற்கமாட்டாள். விளக்குத் தூக்குகிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள்.

அந்தத் தெருவின் இன்னொரு சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். ஏற்றமான தெருவில்லையா, மேலே எது கைதவறினாலும் கீழே உருண்டு ஓடிவிடும். வெங்காயம், பந்து, குழந்தையின் ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை கேஸ் சிலிண்டரே உருண்டிருக்கிறது. அதனால் அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம். உருண்டு வருவது எதுவானாலும் கீழே நிற்பவர் காலைக் குறுக்கே வைத்து நிறுத்துவார். எடுத்து மேலே நிற்பவரிடம் கொடுப்பார். அவர் அடுத்தவரிடம் கொடுப்பார். கைமாறிக் கைமாறிப் பொருள் உரியவரிடம் போய்ச் சேரும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. யாரும் நன்றி சொல்வதும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். அக்காவுக்கு ஒரே மகன். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தான். அங்கேயே வேலை பார்க்கும் ஒரு நர்ஸைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். இருவருக்கும் அக்காவின் ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அக்கா அன்றைக்கே மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டாள். மகனும் மருமகளும் வந்து இருக்கப்போகிற அறை.

அதில் குறுக்கே விழுந்தவர் பெண்ணின் அப்பா. அவர் தபால்காரர். நல்ல மனிதர், ஒரு படம் விடாமல் பார்ப்பவர். அதுதான் கோளாறு. "என் பொண்ணை அந்த ஊருக்கா அனுப்பணும்? படத்துல பார்க்கலையா? பட்டப்பகல்ல கத்தியோட ஓடுறான். மாப்பிள்ளை வேணும்னா இங்கயே இருக்கட்டும்" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மகன் போனில் சொன்னான். "அம்மா, ஒரு தடவை நேர்ல வந்து பார்க்கறேன்னு இறங்கி வந்திருக்காரு. ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டு வரேன். வேண்டாம்னு சொல்லிட்டாருன்னா நான் இங்கதான் இருந்தாகணும். அவளுக்கு அப்பா பேச்சை மீற மனசு வராது."

"வரட்டும்டா. நம்ம தெருவை நேர்ல பார்த்தா தானா வாயை மூடிக்குவாரு."

"அன்னிக்கு மட்டும் ஷூட்டிங் எதுவும் ஒத்துக்காதம்மா."

"எனக்குத் தெரியாதாடா?" என்றாள்.

தெரிந்துதான் இருந்தாள். வெள்ளிக்கிழமைக்குத்தான் வண்டியைக் கொடுத்திருந்தாள். கதாநாயகனுக்குக் காய்ச்சல் வந்து தொலைந்தது. ஞாயிறு காலைக்கு மாற்றிவிட்டார்கள். "ஒரே ஷாட்தான் அக்கா, காலையிலேயே முடிஞ்சிடும். உங்க வண்டி இல்லேன்னா நான் செத்தேன்" என்று உதவி இயக்குநர் கெஞ்சினான். கொடுத்த வாக்கு அவளைப் பிடித்துக்கொண்டது. விருந்தாளிகள் மதியச் சாப்பாட்டுக்குத்தானே வருகிறார்கள்?

அவள் புருஷன் பஸ் கண்டக்டர். அதிகம் பேசமாட்டார். "கேட்டுக்கோ, நீ வண்டியைக் கவிழ்க்கப் போறியா, கல்யாணத்தைக் கவிழ்க்கப் போறியா?" என்று மட்டும் சொல்லிவிட்டு டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. இயக்குநர் புது ஆள், சின்ன வயது. இதுவரை வந்தவர்கள் கூட்டமாக நடிக்க வெளியிலிருந்து ஆட்களை இறக்கி, தெருக்காரர்களைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துவார்கள். இவர் அப்படியில்லை. "இந்தத் தெரு ஜனங்களே நிக்கட்டும், அப்பதான் நிஜமா இருக்கும்" என்றார். இஸ்திரி போடும் தேய்ப்புக் கடைக்காரர், தையல்காரம்மா, காய் வாங்க வந்தவர்கள் எல்லாரையும் நிறுத்திப் பாடம் நடத்தினார். "கத்தியோட ஒருத்தன் ஓடி வருவான். வண்டி கவிழும். நீங்க எல்லாரும் அலறி அடிச்சுக்கிட்டு ஓடணும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்றார்கள்.

கதாநாயகன் ஓடினான், பின்னாலேயே கத்திக்காரன் ஓடினான். வண்டி சொன்னபடி சாய்ந்தது, ஆரஞ்சுகள் தெருவெல்லாம் உருண்டன. அவ்வளவுதான்! ஒரு ஆள்கூட ஓடவில்லை. தேய்ப்புக் கடைக்காரர் காலை நீட்டினார். தையல்காரம்மா முந்தானையை விரித்தார். கீழே நின்றவர்கள் பொறுக்கி மேலே கொடுக்க, மேலே நின்றவர்கள் வாங்கி வண்டியில் வைக்க, இயக்குநர் தலையில் கை வைத்தார்.

"கட்! கட்! என்னங்க பண்றீங்க? கொலைகாரன் வர்றான், பழம் பொறுக்கறீங்க?"

தேய்ப்புக் கடைக்காரர் கூனிக்குறுகினார். "மன்னிச்சிடுங்க சார். உருண்டு வந்துச்சா, கால் தானா போயிடுச்சு."

மறுபடி அடுக்கினாள். மறுபடி கவிழ்ந்தது. இந்தத் தடவை எல்லாரும் சொன்னபடி அலறினார்கள். அலறிக்கொண்டே பொறுக்கினார்கள். கத்திக்காரனாக நடித்த தடியன் ஒருவன் இருந்தானே, அவனே கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து இரண்டு பழத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினான். அக்காவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், விருந்தாளிகள் வந்துவிடுவார்களே என்ற கவலை ஒரு பக்கம். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் தடவை வண்டி சாயும்போதுதான் அவள் தற்செயலாகக் கீழே பார்த்தாள். தெருமுனையில் ஒரு கார் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் அவள் மகன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் முன்னால், வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும். இருட்டுவதற்குள் இந்த ஊரைவிட்டுத் தப்பிவிட வேண்டும் என்று தபால்காரர் கோழி கூவுவதற்கு முன்பே கிளம்பியிருக்கிறார். அந்தப் புண்ணியவான் பயந்த பயத்தில்தான் மதியம் வரவேண்டியவர் காலையிலேயே வந்து நிற்கிறார்!

அவள் கண்ணுக்கு முன்னால் மாடி அறையும் புது வெள்ளையும் ஒரு தரம் வந்து போயின. கீழேயிருந்து பார்ப்பவருக்கு என்ன தெரியும்? கேமரா திருப்பத்தில் மறைவாக இருக்கிறது. தெரிவதெல்லாம் கத்தியோடு ஓடி வரும் தடியன், கவிழ்ந்த வண்டி, அலறும் ஜனம். படத்தில் பார்த்தது பார்த்தபடி! தபால்காரர் மனைவியின் கையைப் பிடித்து இழுப்பதை அக்கா பார்த்தாள்.

அப்போது ஒரு ஆரஞ்சு, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, நேராக அவரை நோக்கி உருண்டது.

"சார்! விட்டுறாதீங்க! காலைக் குறுக்க வைங்க!" என்று மேலேயிருந்து தையல்காரம்மா கத்தினார்.

தபால்காரர் காலைக் குறுக்கே வைத்தார். ஏன் வைத்தார் என்று பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டாயிற்று, அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றை நிறுத்தினார். அடுத்தது வந்தது, அதையும் நிறுத்தினார். அப்புறம் நாலைந்து சேர்ந்து வந்தன. மனைவியின் கையை விட்டுவிட்டுச் சட்டையை ஏந்தினார். மேலே ஒரு கை நீண்டது, அதில் வைத்தார். இன்னொரு கை நீண்டது. கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக ஏறினார். மூச்சு வாங்க, வேர்த்து வழிய, மடி நிறைய ஆரஞ்சோடு அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

"இந்தாங்கம்மா, உங்க பழம். அடி ஏதும் படலியே? அவன் எந்தப் பக்கம் ஓடினான்?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே ஓடி வந்த மகன், "மாமா, இவங்கதான் எங்கம்மா. இது... ஷூட்டிங்" என்றான்.

"ஷூட்டிங்கா?"

கத்திக்காரன் கத்தியை வளைத்துக் காட்டினான். ரப்பர். தபால்காரர் அதைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், வண்டியில் மறுபடி குவிந்திருந்த ஆரஞ்சைப் பார்த்தார்.

"அப்ப பொறுக்கினதும் படத்துக்குத்தானா?" என்றார். குரல் ஒரு மாதிரி இறங்கியிருந்தது.

"அதை ஏன் சார் கேக்கறீங்க!" என்று இயக்குநர் அழாக்குறையாகச் சொன்னார். "பொறுக்காதீங்கன்னு காலையிலேர்ந்து தொண்டை கிழியக் கத்தறேன். ஒருத்தராவது கேக்கறாங்களா?"

தபால்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் சாப்பிடும்போதும் அவர் பிடிகொடுக்கவில்லை. மாடி அறையைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார். அக்கா பொறுக்கமாட்டாமல் வாய்விட்டே சொல்லிவிட்டாள். "சம்பந்தின்னு கூப்பிடலாமா கூடாதான்னு தெரியலை. இந்த ஊர்ல திருடனும் உண்டு, குடிகாரனும் உண்டு, நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா படத்துல இந்தப் பாதியைக் காட்டிட்டு மீதியை வெட்டிடறாங்க. மீதியை நீங்க காலையில கண்ணால பார்த்தீங்க."

"பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் இறங்கிப் போய், புதுப் பழம் அடுக்கியிருந்த வண்டிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஆட்கள் வந்தார்கள், விலை கேட்டார்கள், அமுக்கிப் பார்த்தார்கள், புளிக்குமா என்றார்கள். வேலை முடிந்து வந்த அக்காவின் புருஷனும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தெரு விளக்குகள் எரிந்தன. தபால்காரரின் மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஏங்க, இருட்டிடுச்சு. கிளம்ப வேண்டாமா? நீங்கதானே இருட்டுக்கு முன்னாடின்னு குதிச்சீங்க?"

"இருட்டினா என்ன? தெரு நிறைய ஆளுங்க இருக்காங்க இல்ல" என்றார் அவர். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, அந்தப் பழத்துல நாலு போடுங்க. இனிப்பா பார்த்து."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ரொம்ப நேரம் பழம் பொறுக்கினாள்.

கல்யாணம் முடிந்து பிள்ளைகள் மாடி அறைக்குக் குடிவந்த பிறகுதான் அந்தப் படம் வெளிவந்தது. அப்போது அக்கா சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தாள். எல்லாருமாகச் சேர்ந்து அந்த ஊர்த் தியேட்டரில் போய் உட்கார்ந்தார்கள். தெரு வந்தது. அன்றைக்கு அடித்த வெயிலைக் காணோம், மழை பெய்தது. கத்திக்காரன் ஓடினான், வண்டி கவிழ்ந்தது, ஆரஞ்சுகள் உருண்டன. ஒரே ஒரு ஆரஞ்சை மட்டும் பெரிதாகக் காட்டினார்கள். அதன் மேல் ஒரு கால் மிதித்துக்கொண்டு ஓடியது. அவ்வளவுதான், காட்சி மாறிவிட்டது. பொறுக்கினது ஒன்றுகூட இல்லை. அக்கா பெருமூச்சு விட்டாள். அவளுக்கு இது புதிதில்லை.

பின் வரிசையில் ஒருத்தன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். "பார்த்தியா அந்த ஊரை? மனுஷன் இருப்பானா அங்க?"

அக்கா சேலையைச் செருகிக்கொண்டு எழப்போனாள். அவளுக்கு முன்னால் தபால்காரர் எழுந்துவிட்டார். தியேட்டர் முழுக்கக் கேட்கிற குரலில், பின்னால் திரும்பி நின்று கத்தினார்.

"யோவ்! யாரைச் சொல்றே? அதுல உருண்ட ஆரஞ்சையெல்லாம் நாங்க பொறுக்கிக் கொடுத்தோம்யா! வெட்டிட்டானுங்க! அது எங்க தெரு!"

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை. அக்காவும் அவர் பக்கத்தில் எழுந்து நின்றாள்.