நான்கு பிளேடு புரொப்பெல்லர்

டெக்சஸ் மாநிலத்து இர்விங்கில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம், கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு புரொப்பெல்லர் இருக்கிறது. நான்கு பிளேடு, பளபளக்கும் எஃகு. மோட்டார் படகின் பின்னால் தண்ணீருக்குள் சுழல வேண்டிய சாமான். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ கலைப்பொருள் என்று நினைத்து எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். நானும் சில சமயம் சிரித்து மழுப்பிவிடுவேன். முழுக்கதையும் சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்துவிடும்.

என் கணவர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். நான் திண்டுக்கல். குடத்துத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரோடு எனக்கு அதிகப் பழக்கம் கிடையாது. இர்விங்கிலேயே லாஸ் கொலினாஸ் பகுதியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த அவருக்கு இந்த ஊர் பற்றி ஒரே ஒரு குறை, பக்கத்தில் கடல் இல்லை. எங்களுக்கு கிரீன் கார்டு வந்தது 2004 என்று ஞாபகம். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு ஜோடி வளையலாவது வரும் என்று நான் காத்திருக்க, மனுஷன் ஒரு பழைய பாஸ் படகை டிரெய்லரோடு இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஏரியில் பாஸ் மீன் பிடிப்பதற்கென்றே செய்த தட்டையான படகு. ஆனால் ஏரி மீனை அவர் வாயில் வைக்க மாட்டார், மண் வாடை என்பார். அவருக்கு வேண்டியிருந்தது வேகம். சிவப்பும் வெள்ளியுமாக மின்னிய அந்தப் படகு அம்பாகப் பாயும் என்று விற்றவன் சொல்லியிருந்தான்.

முதல் தடவை கிரேப்வைன் ஏரியில் என்னை ஏற்றிக்கொண்டு மோட்டாரை முடுக்கினார். படகின் முன்பக்கத்தை அவர் ஊரில் அணியம் என்பார்கள். அந்த அணியம் மேலே தூக்கிக்கொண்டு எழுந்தது. ஏரி போயிற்று, கரை போயிற்று, கண் முன்னால் வெறும் வானம். வேகம் பிடித்தபின் படகு தண்ணீரின் மேல் ஏறிச் சமமாக ஓடும் என்று அவர் சொல்லித்தான் இருந்தார். அதற்குள் எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. கரை ஏறியதும் ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"இனிமே நீங்க போயிட்டு வாங்க. நான் கரையில உக்காந்திருக்கேன்."

அவர் முகம் வாடிப்போனது. "எங்க அம்மா ஆயுசு பூரா கரையிலேயே நின்னா. நீயும் நிக்கணுமா?" என்றார். அவருடைய அப்பாவின் வள்ளம் திரும்பி வரும்வரை மணலில் நின்றே காலம் கழித்தவர் என் மாமியார். அதற்கு மேல் என்னால் அடம் பிடிக்க முடியவில்லை. ஆனாலும் பயம் என்பது சமாதானம் சொன்னால் கேட்கிற பிள்ளை இல்லையே.

அதன்பின் சனிக்கிழமைகள் எல்லாம் அந்த மோட்டாருக்குப் போயின. முதலில் அவர் செய்தது கடற்கரைக்காரர் செய்கிற தப்பு. கடலில் அலை படகைத் தூக்கும்போது புரொப்பெல்லர் வெளியே வந்து காற்றைக் கடிக்கும், அதனால் ஆழத்தில் இருப்பதே நல்லது. அந்தப் பழக்கத்தில் மோட்டாரை இறக்கக்கூடிய அளவுக்கு இறக்கிப் பூட்டினார். அலையே இல்லாத ஏரியில் படகு சேற்றில் எருமை போல் உழுதது, ஸ்டியரிங் திரும்ப மறுத்தது, வாரியடித்த தண்ணீரில் இருவரும் தொப்பலாக நனைந்தோம். "ஏரிக்கு இந்தப் புத்தி ஆகாது போல" என்று அவரே சிரித்துவிட்டு, மறு வாரம் மோட்டாரைப் படகோடு பூட்டும் துளைகளில் ஒரு துளை மேலே ஏற்றினார். அப்புறம் இன்னும் ஒன்று. வளைவில் காற்றைக் கடித்ததும் ஒரு துளை இறக்கினார். ஒவ்வொரு தடவையும் நான் ஏறி உட்கார வேண்டும்.

"உன் வெயிட் இல்லாம டெஸ்ட் பண்ணா கணக்கே தப்பிரும்."

"நான் என்ன அரிசி மூட்டையா?"

"மூட்ட இவ்ளோ பேசாதுல்லா."

படகோடு வந்த மூன்று பிளேடு புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, இந்த நான்கு பிளேடை வாங்கி மாட்டினார். அன்று காலை அவர் முடுக்கியபோது நான் வழக்கம்போல் இருக்கையை இறுக்கிப் பிடித்தேன். அணியம் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். படகு அப்படியே மேலேறி ஓடத் தொடங்கியது. எதிர்க்கரையின் ஓக் மரங்கள் கண்ணைவிட்டு மறையவே இல்லை. அவர் ஏரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரை தெரியுதா?"

"தெரியுது."

அதன்பின் ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது அதே கேள்வி, அதே பதில். மற்ற படகுகள் எங்களைத் தாண்டிச் சீறிக்கொண்டு போகும். அவர் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துவிட்டு, ஃபிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றுவார். பழைய படகு, அதன் சக்தி அவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

2008இல் அவர் போய்விட்டார். மாரடைப்பு. காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனவர் திரும்பி வரவில்லை.

அடுத்த வருடம் அவருடன் வேலை பார்த்த ஒரு தம்பி படகை வாங்க வந்தான். ஏரியில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மோட்டாரைக் குனிந்து பார்த்தான்.

"அக்கா, இந்த செட்டப்ல ஸ்பீடே வராது. ஃப்ரண்ட் தூக்காம சீக்கிரம் எழும்பும், அவ்ளோதான். இந்த போட் செம ஸ்பீடு போகும்க்கா. அண்ணன் ஏன் இப்படி வச்சாரு? பழைய புரொப்பெல்லர் இருக்கா?"

இருந்தது. கராஜில் அவருடைய பழைய கைலியில் சுற்றி, துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவி வைத்திருந்தார். கிரீஸ் புதிதாகவே இருந்தது. மாட்டவே போவதில்லை என்று தெரிந்தும் அதை அவ்வப்போது எடுத்துத் துடைத்திருக்கிறார்.

அந்தத் தம்பி அதை மாட்டி, மோட்டாரையும் ஏற்றிப் பூட்டிக்கொண்டு கிளம்பினான். நான் கரையில் நின்றேன். அணியம் வானத்தைப் பார்த்து எழுந்தது, பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது படகு ஏரியின் நடுவே ஒரு சிவப்புக் கோடாகப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு வேகம் அந்தப் படகுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

கழற்றிய நான்கு பிளேடை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாத்திரம் கழுவும்போது ஈரக்கையால் அதை ஒரு தள்ளு தள்ளுவேன், பாதி சுற்றி நிற்கும். இன்றைக்கு அவர் வந்து, பழையதையே மாட்டிக்கொண்டு போகலாம் வா என்று கூப்பிட்டால் ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். கண்ணை மூட மாட்டேன். கரை தெரியாவிட்டாலும் தெரிகிறது என்றே சொல்வேன்.