ராஜ மகாலுக்கு நைனா வந்த ஞாயிறு

“செத்துப்போன ராஜா வூட்டப் பாக்கறதுக்கா ஒரு பொண்ணு வாராவாரம் பஸ் ஏறும்? நம்பற மாதிரியா இருக்குது?”

என் அத்தை இப்படிக் கேட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. கேட்டது என்னிடம் அல்ல, அவளுடைய அண்ணனான என் நைனாவிடம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நான் அங்கே இல்லாதது போலத்தான் பேச்சு நடந்தது.

போன வாரம் திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் சந்திரகிரிக் கோட்டைக்குப் போயிருந்தேன். போய் ரொம்ப நாளாகியிருந்தது. அங்கே இருக்கும் ராஜ மகாலுக்குள் கால் வைத்ததும் அந்த வாசனை வந்தது. பழைய கட்டடங்களுக்குப் போகிறவர் என்றால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பழஞ்சுண்ணாம்பு, கொஞ்சம் ஈரம், மேலே கண்ணுக்குத் தெரியாத ஏதோ மூலையில் வௌவால். நிறையப் பேர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் நன்றாக இழுத்து விடுவேன். அந்த வாசனையில் எனக்கு எந்த ராஜாவும் ஞாபகத்துக்கு வருவதில்லை. கல்யாணங்களுக்கு மட்டும் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி கூடத்தின் நடுவில் நின்ற நைனாதான் வருகிறார்.

எங்கள் ஊர் நாகலாபுரத்துக்குப் பக்கம், எல்லையை ஒட்டி இருக்கிறது. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் தெலுங்கு. தாத்தா காலம் வரை எங்களுக்கு நிலம் கிடையாது. பிறகு கொஞ்சம் வந்தது. நைனா அதில் வேர்க்கடலை போடுவார், மற்ற நாட்களில் கட்டட வேலைக்குப் போவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். இதை எழுதும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன், கண்டுகொள்ளாதீர்கள். திருப்பதியில் பி.ஏ. வரலாறு சேர்ந்து ஹாஸ்டலில் தங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டுத் தூங்குவார்கள். எனக்குப் பகலில் தூக்கம் வராது. பாடத்தில் சந்திரகிரி வந்ததால் ஒரு லீவு நாளில் கிளம்பிப் போனேன். அது வெள்ளிக்கிழமை. ராஜ மகாலில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்று பூட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சரித்திரம் படிக்கிறவளின் முதல் ஆராய்ச்சி இப்படி முடிந்தது. விடவில்லை, அந்த ஞாயிறே மறுபடியும் போனேன்.

என்ன பிடித்தது என்று கேட்டால், சிலைகளுக்கு முன்னால் டிக்கெட்டைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் எந்த வாசலில் போய் நின்றாலும் முதல் கேள்வி, “யாரு வூட்டுப் பொண்ணு நீ?” என்பதுதான். பதிலைக் கேட்ட பிறகுதான் உள்ளே கூப்பிடுவதா, வெளியிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். இங்கே டிக்கெட்டைக் கிழித்து ஒரு பாதியைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ராஜா இருந்த வீட்டில் மாடி வரைக்கும் நான் பாட்டுக்கு ஏறிப் போனேன்.

பிறகு ருசி கண்டுவிட்டது. குடிமல்லத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். கர்ப்பகிரகம் தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது. லிங்கத்திலேயே ஓர் உருவம் செதுக்கி நிற்கிறது, பூசாரி தீபத்தை உயர்த்தியதும் கையில் தொங்கிய ஆட்டைப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் கும்பிட மறந்துபோனேன். “தண்ணம் பெட்டுகோம்மா” என்று அவர்தான் கும்பிடச் சொன்னார். எங்கள் நாகலாபுரத்துப் பெருமாளுக்கு இடுப்புக்குக் கீழே மீன் உருவம் என்பதையே கல்லூரிப் புத்தகத்தில்தான் படித்தேன். படித்துவிட்டு ஊருக்கு வந்து நேரில் பார்த்தேன். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான்!

சந்திரகிரிக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போனேன். அப்படி ஒரு ஞாயிறு நான் அங்கே பஸ்ஸை விட்டு இறங்குவதை அத்தையின் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். மாங்காய் லோடு ஓட்டுகிறவர். அடுத்த முறை நான் ஊருக்கு வந்திருந்த நாளில்தான் அத்தை வந்து உட்கார்ந்தாள்.

“கோட்டைல ஜோடி ஜோடியா ஒக்காந்துக்கினு இருக்குதுங்கண்ணா. இவரு கண்ணால பாத்துட்டு வந்தாரு.”

“நம்ம பொண்ணையுமா ஜோடியா பாத்தாரு?” என்றாள் அம்மா.

“பஸ்ஸ வுட்டு எறங்கறதப் பாத்தாரு.”

“பஸ்ஸுன்னா எறங்கத்தான் செய்வாங்க.”

“நீ இப்டியே பேசிக்கினு இரு அண்ணி. நாளைக்கு ஏதாவது ஆனா ஊரே துன்னுடும் நம்மள. இந்த வருசத்தோட நிறுத்திடுண்ணா. எங்க பக்கம் ஒரு பையன் இருக்கான், நல்ல எடம்.”

நைனா தரையில் கிடந்த வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: “வர்ற ஞாயித்துக்கிழம நானும் வரேன். அப்டி இன்னாதான் பாக்குதுன்னு பாத்துட்டு வரேன்.”

மூன்றாவது வருஷப் படிப்பு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொங்கியது. வெங்காயம் உரித்ததில் ஒரு வசதி, கண்ணீருக்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

சொன்னபடியே ஹாஸ்டல் வாசலுக்கு வந்தார். கையில் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தை மடியிலிருந்து இறக்கவே இல்லை. ராஜ மகால் படியருகே செருப்பைக் கழற்றினார்.

“நைனா, இங்க செருப்பு போட்டுக்கினே போலாம்.”

“உள்ள சாமி செல கீதா இல்லயா?”

“கீது.”

“அப்புறம் இன்னா?”

“அப்ப வெளிய வுட்டுட்டு வா.”

“எவனாவது போட்டுக்கினு பூட்டான்னா?”

அப்படித்தான் செருப்பு அவர் கையிலேயே உள்ளே வந்தது. நான் சிலைகளைக் காட்டிக்கொண்டே போனேன். அவர் சிலைகளைப் பார்க்கவில்லை. தூணோரம் நிற்கிற, படியில் உட்கார்ந்திருக்கிற பையன்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, உடனே என் முகத்தைப் பார்த்தார். தப்பு எதுவும் செய்யாதவள்தான், ஆனாலும் பையன்கள் பக்கமே திரும்பாமல் சிலைக்குக் கீழே இருந்த அட்டையை உரக்கப் படித்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பையன் நேராக என்னிடம் வந்து செல்போனை நீட்டினான். நைனாவின் கையில் இருந்த செருப்பு கொஞ்சம் மேலே ஏறியது.

“அக்கா, ஒக்க ஃபோட்டோ தீஸ்தாவா?”

கூட்டாளிகளோடு நிற்கிறான், ஒரு படம் எடுத்துத் தர வேண்டுமாம். அந்த ‘அக்கா’வைக் கேட்டதும் செருப்பு கீழே இறங்கியது. அந்தப் பையன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அடுத்த கூடத்தின் வாசலில் காவல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எப்போதும் சிடுசிடுப்பான மனிதர். என்னைப் பார்த்ததும், “மள்ளீ ஒச்சினாவா தல்லீ?” என்றார், மறுபடியும் வந்துவிட்டாயா தாயே என்கிற சலிப்போடு. எனக்கு உயிரே போய்விட்டது. நைனா ஓர் அடி முன்னால் வந்தார்.

“எங்க பொண்ணுதான். உங்களுக்குத் தெரியுமா?”

அவர் உடனே தமிழுக்கு மாறினார். “உங்க பொண்ணா? பெரிய ரோதன சார் இதோட. ஞாயித்துக்கிழம ஆனா வந்துடும். ஒவ்வொரு கல்லு கிட்டயும் நின்னுக்கினு என்னமோ எழுதிக்கினே இருக்கும். மூடற நேரம் பெல் அடிச்சாலும் வெளிய வராது. நாங்க வூட்டுக்குப் போவ வேணாமா?”

“யாரோட வரும்?”

“யாரோட வரும்? ஒண்டியாத்தான் வரும்.”

“ஒண்டியாவா?”

“ஒண்டிதான் சார். ஒரு ஃபிரண்டுகூடக் கெடயாது. பாவம்.”

எனக்காக எத்தனையோ பேர் சிபாரிசு செய்திருக்கிறார்கள். இதைவிட நல்ல வார்த்தையை யாரும் சொன்னதில்லை, அதுவும் புகார் சொல்வதாக நினைத்துக்கொண்டு. நைனா பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சு அத்தை வந்துபோன நாளிலிருந்து அவருக்குள்ளேயே அடைந்து கிடந்திருக்க வேண்டும். செருப்பைத் தரையில் போட்டுக் காலை நுழைத்துக்கொண்டார். சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம்தான் அவருக்குக் கண் தெரிந்தது. “இது இன்னா?” “இதுல இன்னா எழுதிக்குது?” ஒரு அட்டையையும் விடவில்லை. எழுத்து அவருக்குத் தெரியாது. இங்கிலீஷில் இருப்பதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அடுத்ததற்குப் போய் நின்றுகொள்வார். கண்ணாடிக்குள் இருந்த நீளக் கத்தியைப் பார்த்து, “இத்தத் தூக்கிக்கினு எங்க சண்ட போடறது? கரும்பு வெட்டக்கூட ஆவாது” என்றார். சுவரைத் தட்டிப் பார்த்தார். மரமே வைக்காமல் கட்டியது என்று நான் சொன்னதற்கு, மேலே அண்ணாந்து கழுத்து வலிக்கும்வரை பார்த்துவிட்டு, “சென்ட்ரிங் அடிக்க மட்டுமாவது மரம் வெச்சிருப்பான்” என்றார். எனக்குக் கால் கடுத்தது, பசித்தது. “போலாம் நைனா” என்று நான்தான் கெஞ்சினேன்.

புல்தரையில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். முதல் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, “ஒரு ஃபிரண்டுகூட இல்லயாமே உனக்கு?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “மூணாவது வருசத்துக்கு எப்பச் சேரணும்?” என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அத்தைக்குப் போன் செய்தார். “கல்லத்தான் பாக்குது. வேற ஒண்ணும் இல்ல. நீ அந்தப் பையனுக்கு வேற எடம் பாரு.”

போன வாரம் போனபோது டிக்கெட் ஜன்னலில் செல்போனில் ஸ்கேன் செய்து டிக்கெட் எடுக்கச் சொன்னார்கள். பாதி கிழித்த அந்தச் சீட்டு இப்போது இல்லை. காவல்காரர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்றார்கள். அந்த நாற்காலியும் இல்லை. ஹாஸ்டல் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ரோட்டில் மாங்காய் லோடு வண்டி ஹாரன் அடித்தால் முன்பெல்லாம் அத்தை வீட்டுக்காரரோ என்று எனக்குத் தூக்கிப்போடும், அதுவும் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. சீட்டும் காவல்காரரும் இல்லாததில் கொஞ்சம் வருத்தம்தான். அந்தப் பயம் போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது.

இதற்குள் மாவட்டத்தைப் பிரித்தார்கள். சித்தூர் மாவட்டத்தில் இருந்த எங்கள் ஊர் திருப்பதி மாவட்டத்துக்குப் போக, நெல்லூரிலிருந்து கொஞ்சம் பிய்த்து இதோடு ஒட்டினார்கள். அப்படி எங்களுக்கு ஒரு கடல் கிடைத்தது. “நம்ம ஜில்லாவுல கடலா? எப்பக் கொண்டாந்தாங்க?” என்று அம்மா கேட்டாள். இப்போது எம்.ஏ. படிக்கிறேன், கடைசி வருஷத்துக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அந்தக் கடற்கரையில் பழைய கலங்கரை விளக்கமும், கப்பல் வந்துபோன காலத்து இடங்களும் இருக்கின்றன, பாதி மணலுக்குள். “தனியா அவ்வளவு தூரம் ஏன்? பக்கத்துல ஏதாவது எடுத்துக்கோம்மா” என்று துறையில் சொன்னார்கள். தலைப்பை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். தங்குவதற்கு அங்கே ஒரு மீனவர் வீட்டில் பேசியாயிற்று. அங்கே போகும் பஸ்ஸில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மடியில் பை, பக்கத்து சீட்டில் ஓர் அம்மாள் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஜன்னலில் இன்னும் வயல்தான் ஓடுகிறது. இதை எழுதி முடிப்பதற்குள் பஸ் நாயுடுப்பேட்டையைத் தாண்டிவிட்டது.