செல்லக்கனியின் புறங்கை

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்க வந்த செல்லக்கனி, அதற்குமுன் பதினான்கு வருடம் விஸ்வநத்தத்தில் பட்டாசு மருந்து கலந்தவள். ஈரம் பட்ட மருந்து தானாகவே சூடேறி வெடிக்கும். அதனால் ஒவ்வொரு தட்டையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். சூடென்றால் கத்த வேண்டும். இல்லையென்றால் "சரி" என்று சொல்லி நகர வேண்டும். ஒருநாள் பக்கத்து அறையில் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அவள் தங்கை அங்கே இருந்தாள். மறுமாதமே செல்லக்கனி அந்த வேலையை விட்டாள்.

2006இல் ஷைலா என்ற ஆராய்ச்சி மாணவி நிக்கல், மாங்கனீசு, வெள்ளீயம் மூன்றையும் உருக்கி, ரூபாய் நாணயம் அளவில் ஒரு வில்லை செய்திருந்தாள். உருமாறினாலும் பழைய வடிவத்தை மறக்காத வகை உலோகம். கேஸே இல்லாமல், காந்தத்தால் குளிரும் பிரிட்ஜுக்கு அது உதவுமா என்பதுதான் ஆராய்ச்சி. மின்காந்தத்தைப் போட்டால் வில்லை சூடாகும் என்று எதிர்பார்த்தார்கள். வெப்பம் காட்டும் மீட்டரோ இறங்கியது.

"காந்தம் மீட்டரைக் குழப்புது. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலைன்னா வேற தலைப்பு பாரும்மா" என்றார் பேராசிரியர். மூன்று வருட உழைப்பு அது.

கையைக் காந்தத்தால் குழப்ப முடியாதே என்று செல்லக்கனியைக் கூப்பிட்டாள் ஷைலா. இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்ற பட்டாசுக் கம்பெனிப் பழக்கத்தில் கொண்டை ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள் அவள். மூன்று நாள் வில்லையைத் தொட்டாள். மூன்று நாளும் ஒரே பதில்.

"சரியா இருக்கு டீச்சர்."

'மாற்றம் இல்லை' என்று எழுதிக்கொண்டாள் ஷைலா. ஸ்டோர் கீப்பரான நானும் பெரிய மேதாவி மாதிரி ஆறுதல் சொல்லித் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. ஷைலா அழுதுகொண்டே ஒயர்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"எம்புட்டு நல்ல சாமான். சுவிச்சப் போட்டதும் குளுந்து போகுதே, இதையா தூக்கிப் போடுறீக?" என்றாள் செல்லக்கனி.

"குளுந்து போகுதா? ஏன்க்கா இத்தனை நாளாச் சொல்லலை?"

"சூடானாத்தான டீச்சர் சொல்லணும்? குளுந்து யாரு செத்தா?"

ஷைலா அவள் கண்ணைக் கட்டிவிட்டு, சொல்லாமல் சுவிட்சைப் போட்டும் நிறுத்தியும் பார்த்தாள். இருபது முறை. ஒருமுறைகூடக் கை பிசகவில்லை. மீட்டரும் அதையே சொன்னது. நானும் தொட்டேன். ஐஸ் இல்லை, கேஸ் இல்லை, சத்தம்கூட இல்லை, விரலுக்கடியில் சில்லென்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. பேராசிரியர் வந்தார், தொட்டார், ஷைலாவின் நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் முடிந்து ஷைலா சுவிட்சை நிறுத்தினாள். செல்லக்கனி கையை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ போடுங்க டீச்சர். இந்தக் கை இதுவரைக்கும் எல்லாத்தையும் பயந்து பயந்துதான் தொட்டிருக்கு."