நைனா ஓட்டிய பம்புசெட்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றையும் யார் வாசலிலும் நிற்க விட்டதில்லை. கையெழுத்து மட்டும் போடுவேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் பேத்தி. அவளுக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை. தண்ணீர் தள்ளிச் சுழற்றுகிற டர்பைன் சக்கரம் ஏன் ஆடுகிறது என்று பார்க்கிறார்களாம்.

"தண்ணி ஒழுங்கா வரலன்னா உள்ள குமிழி குமிழியா வந்து உடையும் ஆயா. எம்மாம் பெரிய சக்கரமா இருந்தாலும் உதறும். ஜல்லி அரைக்கற மாதிரி சத்தம் வரும்" என்றாள் போன வாரம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன்.

கடம்பத்தூர் பக்கம் ஒரு முதலாளியின் கிணற்றில் என் நைனா பம்புசெட் ஓட்டினார். அம்மா அதே நிலத்தில் நாற்று நட்டாள். ஊரிலேயே மோட்டார் ஓட்டத் தெரிந்தவர் நைனா ஒருவர்தான் என்பதில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஏக மிதப்பு. ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு மோட்டாருக்குப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டோம். மறுநாள் காலை அம்மா அதையெல்லாம் அவிழ்த்துக் கிணற்றில் போட்டாள். சாமிக்குப் போட்ட பூ காலில் மிதிபடக் கூடாது. எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

நைனா மோட்டாரைப் போட்டுவிட்டு மடை திருப்பப் போனார். கொஞ்ச நேரத்தில் கல்லை அரைப்பதுபோல் ஒரு சத்தம். பம்பு உதறி, போல்ட்டு கழன்று, அவர் ஓடிவந்து நிறுத்துவதற்குள் ஷாஃப்ட் வளைந்துவிட்டது. கிணற்றில் குதித்தார். குழாய் வாயை அடைத்திருந்த நாரும் பூவுமாக ஒரு கொத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்தார். சத்தம் கேட்டு என்னோடு ஓடிவந்து நின்ற அம்மாவைப் பார்த்தார். கொத்தைக் கல்லிடுக்கில் செருகினார். ஏதோ குப்பை என்று நினைத்தேன்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"இன்னாடா பண்ணி வச்ச?" என்று கத்திக்கொண்டே முதலாளி வந்தார்.

"தூங்கிட்டேன் மொதலாளி. நான்தான் பாக்கல" என்றார் நைனா.

"மோட்டார ஓட உட்டுட்டு தூங்குனியா? இனிமே இந்தப் பக்கம் உன் மூஞ்சிய காட்டாத."

மறுநாள் பள்ளிக்கூடத்தில், "தூங்குமூஞ்சி பொண்ணு வருது, பாய் போடுங்கடி" என்று சிரித்தார்கள். நைனா செங்கல் சூளைக்கு மண் சுமக்கப் போனார். தலையில் கூடையோடு அவர் எதிரே வந்தால் நான் வேலி ஓரமாக ஒதுங்கி, குனிந்துகொண்டே போய்விடுவேன். அவரும் கூப்பிடமாட்டார்.

அம்மா மட்டும் அதே நிலத்துக்கு நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தவளிடம், "நைனா தூங்காம இருந்தா நமக்கு இந்த அசிங்கம் வருமா?" என்றேன். கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அதுவரை என்னை அடித்ததே இல்லை.

"உடு, புள்ள தெரியாம சொல்லுது" என்றார் நைனா.

அடி வாங்கியவள் நான். அம்மா எதற்கு அப்படித் தேம்பித் தேம்பி அழுகிறாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

எழுதிட்டியாம்மா? எங்க, படி பாக்கலாம். சத்தமா படி, அக்கம்பக்கத்துல நாலு பேர் காதுல உழட்டும்.