ஒன்பதாம் நம்பர் கட்டில்

உலகம்மை நர்ஸ் படிப்புக்குப் போனபோது தென்காசி கீழப்புலியூரில் அதை யாரும் படிப்பென்று சொல்லவில்லை. "பேச்சிமுத்து மவ ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருக்கா" என்றார்கள். ஓடிப்போனவளைப் பற்றிப் பேசுகிற தொனி அதில் இருந்தது. 1956இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பெண் ஒன்று டீச்சராகலாம், இல்லையென்றால் கல்யாணம் செய்துகொள்ளலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழி உண்டென்று தென்காசியில் அதிகம் பேருக்குத் தோன்றியதில்லை.

அவளுக்குத் தோன்றியதற்கும் பெரிய லட்சியம் ஒன்றும் காரணமில்லை. பத்து வயதில் கால் ஒடிந்து இருபத்தைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி டாக்டரிடமும் கூட்டுகிறவனிடமும் ஒரே குரலில் பேசினாள். ஒரு பெண்பிள்ளை அப்படிப் பேசி, ஆம்பிளைகள் அதைக் கேட்டு நடப்பதை உலகம்மை அதற்கு முன் பார்த்ததில்லை. அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

அப்பா பேச்சிமுத்து ஆய்க்குடிப் பக்கம் வயல் வைத்துப் பயிர் செய்த சம்சாரி. பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. வீட்டில் மட்டும் ஒருத்தி இருந்தாள், அவர் மகள். பாளையங்கோட்டை நர்ஸ் ஹாஸ்டலில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்ட பிறகே அவர் சம்மதித்தார். அதிலும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஆம்பள வார்டுல நிக்கப்படாது, ஆமா."

"சரிப்பா" என்றாள் உலகம்மை. நர்ஸ்கள் வார்டைப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருந்தார். பயிற்சிக்குப் போன மூன்றாவது வாரமே அவளை ஆண்கள் வார்டில் போட்டார்கள். அப்பா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

1960இல் படிப்பு முடிந்து ஊருக்கு வந்தாள். ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் டாக்டர் காந்திமதிநாதன் இருபது கட்டில் போட்டு ஓர் ஆஸ்பத்திரி நடத்திவந்தார். அங்கே முறையாகப் படித்த நர்ஸ் அவள் ஒருத்திதான். மற்றபடி இரண்டு ஆயாக்கள். வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் தெருவில் நடந்துபோனால் ஆரம்பத்தில் ஜன்னல்கள் திறந்தன. பிறகு அதே ஜன்னல்காரர்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வாசலில் வந்து நின்றார்கள். ஆனால் பெண் கேட்டு மட்டும் யாரும் வரவில்லை. வந்த ஓரிருவரும், ராத்திரி டூட்டி உண்டா என்று கேட்டுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பேச்சிமுத்துவுக்கு அது உள்ளூர அரித்துக்கொண்டிருந்தது.

1964 ஆனி மாதம் ஜெபமலரிடமிருந்து கடிதம் வந்தது. ஜெபமலர் அவளோடு பாளையங்கோட்டையில் படித்தவள். நர்ஸ் படிப்பு முடித்தவர்கள் திருவனந்தபுரத்தில் மேலே இரண்டு வருஷம் படித்தால் பி.எஸ்.ஸி. பட்டம் கிடைக்கிறது என்று எழுதி, விண்ணப்பத்தையும் உள்ளே வைத்திருந்தாள். உலகம்மை அதை நாலு தடவை வாசித்தாள். தெரியாததைத் தெரிந்துகொள்ள ஆளில்லாமல் நாலு வருஷம் தனியாக வார்டை ஓட்டியவளுக்கு அந்தக் காகிதம் எவ்வளவு பெரிது என்று சொல்லி மாளாது. கல்யாணமாகாத பெண்ணாக இருந்தால் தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்று அடியில் அச்சடித்திருந்தார்கள்.

"படிச்சது போதும். மேல படிச்சா நான் மாப்பிள்ளைக்கு எங்கன போவேன்?" என்று பேச்சிமுத்து காகிதத்தை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரமே அவருக்குக் காய்ச்சல் கண்டது. பத்து நாள் வீட்டிலேயே பத்தியமும் கஷாயமுமாகப் படுத்துக் கிடந்தார். அதற்கு மேல் பொறுக்காமல் உலகம்மை வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். டைபாய்டு. ஆண்கள் வார்டில் ஐந்தாம் நம்பர் கட்டில் கிடைத்தது. மகள் அங்கேதான் நாலு வருஷமாக நிற்கிறாள் என்பதைக் காய்ச்சல் மயக்கத்தில் முதலில் அவர் கவனிக்கவில்லை. கவனித்த அன்று அவள் அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். ஏசுவதற்குச் சக்தியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

பதினெட்டாம் நாள் காய்ச்சல் விட்டது. சங்கடம் அங்கேதான் தொடங்கியது. காய்ச்சல் விட்டாலும் குடலில் புண் ஆற இரண்டு வாரமாகும், அதுவரை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது, கஞ்சியும் மோரும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். தென்காசிக்காரர்களின் கணக்கு வேறு. காய்ச்சல் விட்டவனுக்குத் தலைக்கு ஊற்ற வேண்டும். ஊற்றாதவரை அவன் நோயாளி. ஊற்றி வயிறாரச் சோறு தின்றுவிட்டால் எழுந்து நடமாடுகிற மனுஷன். அதுவும் அருவியில் தண்ணீர் விழுகிற மாதத்தில், மூன்று மைலில் குற்றாலத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் வெந்நீர் போட்டு ஊற்றுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அன்று சனிக்கிழமை. வெளியே சாரல் தூவிக்கொண்டிருந்தது. விண்ணப்பம் திங்கட்கிழமைக்குள் திருவனந்தபுரம் போய்ச் சேர வேண்டும். அன்று சாயங்காலத் தபாலை விட்டால் முடியாது. பேச்சிமுத்துவுக்கு இது தெரியும். பதினொரு மணிக்கு மகளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, பெரிய அருவியில நல்ல தண்ணி விழுதாம். இன்னைக்கு ஆம்பள எண்ணெ தேய்க்கித நாளு. வண்டிக்காரன்ட்ட சொல்லியாச்சி. நீ செத்த நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்க. போயி ஒரு குளி குளிச்சிட்டு வந்து ஒம் பேப்பர்ல கையெழுத்துப் போடுதேன்."

உலகம்மைக்கு ஆசை வந்தது. அதை மறைப்பதற்கில்லை. பலபேர் இப்படிக் குளித்துவிட்டு வந்து நன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் பார்க்காத மாதிரி இருந்தால் போதும், இரண்டு வருஷப் படிப்பு கைக்கு வந்துவிடும். மேஜை டிராயரில் இருந்த காகிதத்தை ஒரு தடவை நினைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"எனக்குக் கையெழுத்து வேண்டாம். நீங்க படுங்க."

"அப்பன்ட்ட பேசுத பேச்சா இது?"

"அப்பன்ட்ட பேசல. அஞ்சாம் நம்பர் கட்டில்ட்ட பேசுதேன்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்துவிட்டார்கள். பேச்சிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. போய்க் காட்டுகிறேன் பார் என்று காலைத் தொங்கப் போட்டார். அவர் செய்யக்கூடியவர் என்று அவளுக்குத் தெரியும். முக்காலியை இழுத்து ஐந்தாம் கட்டில் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள். மருந்து கொடுக்க எழுந்தால்கூட ஒரு கண் அந்தக் கட்டில்மேலேயே இருந்தது. அவர் புரண்டால் இவள் எழுந்தாள். அவர் இருமினால் இவள் வாசலைப் பார்த்தாள். அப்பனும் மகளுமாக ஒரு பகலெல்லாம் இப்படி மல்லுக்கட்டினார்கள்.

ஒன்பதாம் நம்பர் கட்டிலில் அய்யாக்குட்டி என்று ஒருவன் இருந்தான். வாசுதேவநல்லூர்க்காரன், எலுமிச்சம்பழ வியாபாரி, முப்பத்திரண்டு வயது. அவனுக்கும் இதே டைபாய்டுதான், காய்ச்சல் விட்டு மூன்று நாளாகியிருந்தது. மனைவி வடிவம்மாள் மட்டும் கூட இருந்தாள். காலையிலிருந்து பேச்சிமுத்து அருவியைப் பற்றிப் பேசியதெல்லாம் அவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. ஒரு மணி வாக்கில் அவன் குரல் கொடுத்தான்.

"சிஸ்டர், வராண்டாவுல செத்த நேரம் காத்தாட உக்காரட்டா?"

"ம்" என்றாள் உலகம்மை. அவள் திரும்பவில்லை. அப்பா அப்போது கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு ஒரு ஜட்கா வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. வடிவம்மாளும் வண்டிக்காரனும் அய்யாக்குட்டியைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். தலை ஈரம் உலரவில்லை. நெற்றியில் விபூதி இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தவனால் நிமிர முடியவில்லை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கடையில் இலை போட்டுச் சாப்பிட்டிருந்தான். டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டார், பலகையாக இருந்தது. குடல் ஓட்டையாகிவிட்டது, இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று தன் காரிலேயே திருநெல்வேலிக்கு அனுப்பினார். பாவூர்சத்திரம் தாண்டும்போதே உயிர் போய்விட்டதாக மறுநாள் காலையில் டிரைவர் வந்து சொன்னான்.

திங்கட்கிழமை வடிவம்மாளின் அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துப் போவதற்காக வந்திருந்தார்கள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போகிற போக்கில் வடிவம்மாள் உலகம்மையிடம் நின்றாள்.

"ஒங்கப்பாவ நீங்க விடல. புண்ணியவதி. எங்களுக்குத்தான் நீ போகாதன்னு சொல்ல ஒரு ஆள் இல்லாமப் போச்சி."

'ம்' என்று தான் சொன்னதை உலகம்மை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர்கள் படியிறங்கிப் போகிறவரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரிடம் அதைச் சொன்னாள். அவர் கேட்க விரும்பவில்லை. "வாசலுக்கு ஒரு ஆள் போட்டிருக்கணும், என் தப்பு" என்று அடுத்த நாளே ஒரு காவல்காரனை வைத்துப் பேச்சை முடித்துக்கொண்டார்.

பேச்சிமுத்து இரண்டு நாளாக ஒன்பதாம் கட்டிலைப் பார்த்தபடி படுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில், "அந்தப் பேப்பர எடுத்தா" என்றார்.

"நாள் முடிஞ்சிட்டுப்பா."

"அடுத்த வருசம் கெடையாதா?"

"இருந்தாலும் எனக்கு வேண்டாம். நான் இந்த வேலைக்கே லாயக்கில்ல" என்று அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அப்பாவிடம் அந்த 'ம்'மைச் சொன்னாள். சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. பிள்ளைப் பருவத்துக்குப் பிறகு அவர் முன்னால் அவள் அழுதது அன்றுதான்.

பேச்சிமுத்து ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன். தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்.

"என் பேச்சக் கேட்டுத்தான் அவன் போனான். அத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். "ஒன் சங்கதிக்கு வாரேன். அன்னைக்கு வார்டுல எம் மவ இருந்தா. நர்ஸு இல்ல. அதனாலதான் நான் இருக்கேன், அவன் இல்ல. இங்கன உக்காந்து அழுதா நீ மவளாத்தான் இருப்ப. நர்ஸா ஆகணும்னா போயிப் படி."

அவள் வாழ்க்கையில் அதைவிடக் கடுமையான சொல்லை யாரும் அவளிடம் சொன்னதில்லை. அது உண்மை என்பதுதான் தாங்கமுடியவில்லை. அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு பத்து மணி மருந்தைக் கொடுக்கத் தொடங்கினாள். முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில் வரை ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லிக் கொடுத்தாள்.

மறுவருஷம் விண்ணப்பத்தில் அப்பா தன் கோணல் எழுத்தில் கையெழுத்துப் போட்டார். இடம் கிடைத்தது. ரயிலேற இரண்டு நாள் இருக்கும்போது உலகம்மை யாரிடமும் சொல்லாமல் வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏறினாள்.

வடிவம்மாள் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் எலுமிச்சம்பழத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். புருஷன் வியாபாரத்தை இப்போது அவள்தான் பார்த்துவந்தாள். வந்தவளை அடையாளம் கண்டு, கையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள். உலகம்மை தண்ணீரைக் குடிக்காமல், நின்றபடியே, ஒரு மணிக்கு அவர் கேட்டதையும் தான் சொன்னதையும் சொன்னாள்.

வடிவம்மாள் குனிந்து இன்னும் நாலு பழத்தைத் தரம் பிரித்துப் போட்டாள்.

"வண்டி பேசினது நான்" என்றாள். "எண்ணெ வாங்கியாந்தது நான். வயிறாரச் சாப்பிடுங்கன்னு ரெண்டாந்தரம் சோறு போடச் சொன்னதும் நான்தான். இது எம் பாரம் நர்சம்மா. இதுல ஒங்களுக்குப் பங்கு தரமாட்டேன்."

உலகம்மை தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்பா, தண்டனையா என்று அவளுக்கு விளங்கவில்லை. திரும்பிப் போகலாமா என்று நினைத்தபோது வடிவம்மாள் முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஆனா, அவுக கேட்டப்பம் நீங்க ஒரு தரம் திரும்பிப் பாத்திருக்கலாம்லா? நான் எண்ணெப் பாட்டில கையில வச்சிக்கிட்டு பக்கத்துலதான் நின்னேன்."

"பாத்திருக்கணும்" என்றாள் உலகம்மை.